எலி வளையும் புற்றுக்காளானும்

பனவடலிசத்திரத்தில் எங்கள் கடலைக்காட்டு மூலையில் ஒரு கறையான் புற்று இருந்தது. அதன் அடியில் எலிகள் வளை தோண்டியிருந்தன. இடியோடு மழை பெய்தால் அதே புற்றின் ஓரத்தில் வெள்ளைக் காளான் முளைக்கும். எலியைத் திருடன் என்பேன். காளானை விருந்தாளி என்பேன்.

என் மனைவி சிரிப்பாள். "ரெண்டும் நம்மளக் கேட்டா வருது? ஒண்ணுக்குக் கம்பு, ஒண்ணுக்குக் கறிச்சட்டியாக்கும்!"

சென்ற ஆண்டு எலிகள் பாதிக் கடலையைத் தின்றுவிட்டன. கோபத்தில் ஜேசிபியை வரவழைத்தேன்.

"சங்கரன்கோவில்ல புத்துமண்ண நெத்தியில பூசிட்டு வந்து, இங்கன புத்த இடிக்கியளே" என்று அவள் தடுத்தாள்.

"படிச்சவன்ட்ட பேசுத பேச்சாட்டி இது? வெறும் கறையான் மண்ணு" என்று சொல்லி, புற்றைத் தரைமட்டமாக்கினேன்.

ஐப்பசியில் அவள் நோயில் விழுந்தாள். சோறு இறங்கவில்லை. ஒருநாள் இடிச்சத்தம் கேட்டுக் கண் திறந்தாள்.

"காளான் வந்திருக்கும்லா? ரெண்டு வாய் திங்கணும் போல இருக்கு."

புற்றை இடித்தது அவளுக்கு மறந்துபோயிருந்தது. நான் நினைவூட்டவில்லை. "போய்ப் பாத்துட்டு வாரேன்" என்று கிளம்பி, கடையில் பாக்கெட் காளான் வாங்கி வந்து சமைத்துக் கொடுத்தேன்.

ஒரு வாய் தின்றாள். "நம்ம காட்டுக் காளான் மாதிரி இல்லியே" என்றாள். அதன்பின் சாகும்வரை என்னிடம் எதையும் கேட்கவில்லை.

இந்த ஆண்டும் இடியோடு மழை பெய்தது. புற்று இருந்த இடத்தில் எலி புது வளை தோண்டியிருக்கிறது. காளான் முளைக்கவில்லை. வளையை நான் மூடவில்லை. கேட்காமல் வருவதை விரட்ட இப்போது மனம் வரவில்லை.