சுண்ணாம்புத் தொட்டியின் அளவு

1911 ஏப்ரல் 18, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து ஜெபம் செய்தேன். ஐந்தரைக்குக் கலங்கரை விளக்கத்தின் எண்பத்திரண்டு படிகளையும் ஏறி, விளக்கறைக் கண்ணாடியில் உப்புப் படிந்திருக்கிறதா என்று விரலால் தேய்த்துப் பார்த்தேன். ஆறு மணிக்குக் கீழே வந்து சுண்ணாம்புத் தொட்டியை அளந்தேன். முந்தின நாளைவிட அரை விரற்கடை குறைந்திருந்தது.

பாளையங்கோட்டையிலிருந்து இந்தக் கடற்கரைக்கு மராமத்துக் குமாஸ்தாவாக வந்து அப்போது இரண்டு மாதம். கோபுரம் பகலில் கப்பல்களுக்கு வெள்ளையாகத் தெரிய வேண்டும். உப்புக்காற்று பூச்சைத் தின்றுவிடும். உரிந்த இடத்தில், எனக்கு முன்னிருந்தவர்கள் அடித்த சுண்ணாம்பு ஏடு ஏடாகத் தெரியும். ஒருமுறை எண்ணினேன், பதினொன்று. புதுப் பூச்சுக்காகச் சிப்பிச் சுண்ணாம்பை நீற்றி, காய்ந்துவிடாமல் மேலே தண்ணீர் நிற்க ஊறப் போட்டிருந்தோம்.

அது பதநீர்க் காலம். பதநீர் புளிக்காமலிருக்கப் பனையேறிகள் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவார்கள். எங்கள் காவல்காரர் தினமும் பனையோலைப் பட்டையில் பதநீரோடு வந்தார். அதற்குக் காசு கொடுத்து நான் பார்த்ததில்லை. பத்து நாளுக்கு முன் அவர் கை மணிக்கட்டு வரை வெள்ளையாகத் தொட்டியருகே நின்றார். அன்றே, இந்தப் பக்கம் யாரும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

"கைய விட்டுப் பாத்தேன், தண்ணி ஊத்தணும்யா" என்றார்.

கிட்டே வருவதற்கு ஒரு சாக்கு என்று நினைத்தேன். அதன் பிறகும் அளவு இறங்கியது. செவ்வாய் காலை அளந்ததும், அவரை வேலையிலிருந்து நீக்கும்படி மேலிடத்துக்குக் கடிதம் எழுதித் தபால் பையில் போட்டேன். புதன்கிழமை ஏழு மணிக்குத் தபால்காரர் வருவார். வேலை போனால், மனைவியும் மூன்று பெண்களுமாக அவர் இருக்கும் அறையும் போகும்.

மாலை நான்கு மணிக்கு, அவருக்குப் பதநீர் கொடுக்கும் பனையேறியைத் தேடிப் போனேன். அவர் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார்.

"கோபுரத்துச் சுண்ணாம்பு உம்ம கலயத்துக்கு வருதாமே, வே?"

அவர் நிமிரவில்லை. "கடக்கர பூராவும் சிப்பி கெடக்கு. அதச் சுட எனக்குத் தெரியாதாக்கும்? ஒங்க தொட்டியத் தேடித்தான் வரணுமோ?"

"பின்னே பதநீர் சும்மாவா குடுக்கீரு?"

"அவரு வீட்டுக்காரி எனக்குக் கருப்பட்டிப் பெட்டி மொடஞ்சு தாரா."

"தினமும் குறையுதே."

"நீங்க எத அளக்கிய?"

"மேல்மட்டத்தை."

அப்போதுதான் தலையைத் தூக்கினார். "இந்த வெயிலுக்கும் காத்துக்கும் தண்ணி வத்தாம என்ன செய்யும்? ஊத்த வந்தவரையும் வெரட்டிட்டு, நல்லா அளந்திய போங்க. குச்சிய அடிவர விட்டுப் பாருங்கய்யா."

நான் நம்பவில்லை. இருவரும் முன்பே பேசி வைத்திருக்கலாம். வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைத் திருப்பினேன். நீற்றிய நாளில், 'சுண்ணாம்பு இரண்டு முழம், மேலே தண்ணீர் ஒரு சாண்' என்று என் கையாலேயே எழுதியிருந்தது. அதை மட்டும் நம்பினேன்.

மறுநாள் காலை, படியேறுவதற்கு முன், காவல்காரரைக் கூப்பிட்டுப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னேன். குச்சியைத் தரை தட்டும் வரை இறக்கி எடுத்தேன். வெளுத்த தண்ணீர் வழிந்து போயிற்று. கெட்டிக் குழம்பு ஒட்டியிருந்த உயரம் இரண்டு முழம்.

தண்ணீர் ஊற்றச் சொன்னேன்.

"எத்தன கொடம்யா?" என்றார்.

"ஆறு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், தபால் பையிலிருந்து கடிதத்தை எடுத்தேன். கிழிக்கவில்லை. என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பிறகு அவர் ஊற்றிய குடங்களைச் சன்னல் வழியாக எண்ணினேன்.