டாக்கியைப் பார்த்துக் கத்தியைப் பிடுங்கினேன்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் நான் மேஸ்திரி. போன மாதம் டெண்டுக் கொட்டகையில் ஒரு டாக்கிப் படம் பார்த்தேன். அதில் வரும் சமையற்காரனுக்குக் கழுத்து வெட்டி வெட்டி இழுக்கும். இழுக்கும்போதெல்லாம் கையில் இருப்பதைக் கீழே போடுவான். வயிறு வலிக்கச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்கும் நடித்துக் காட்டினேன்.

மறுநாள் எங்கள் கரீம் பாயைப் பார்த்ததும் பகீரென்றது. சிறு வயது முதலே அவருக்கும் அதே இழுப்பு. தோலில் ஒட்டிய சவ்வை நீளக் கத்தியால் வழிப்பது அவர் வேலை. கத்தி சற்றுப் பிசகினாலும் தோல் கிழியும், விரலும் போகும்.

"பாய், கத்திய குடுங்க. இனிமே தொட்டிக்குத் தண்ணி ஊத்துங்க" என்று பிடுங்கிக்கொண்டேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்கு இழுப்பு ஜாஸ்தியானது.

"பன்னெண்டு வருசத்துல ஒரு தோல்ல ஓட்டை போட்டிருக்கேனா மேஸ்திரி? இப்ப ஒண்ணு வழிக்கிறேன், நின்னு பாருங்க."

பார்த்தேன். கத்தி தோலில் பட்டதும் அவர் கழுத்து அசையாமல் நின்றது. வேலை முடிந்து கத்தியை வைத்த பிறகுதான் இழுப்பு திரும்பியது. தினமும் அவர் கழுத்தைப் பார்த்த நான் கையைப் பார்த்ததே இல்லை.

"அந்த டாக்கிய நானும் பாத்தேன். அந்தச் சமையக்காரன் கீழ போடறதுக்குச் சம்பளம் வாங்கறான். நான் போடாம இருக்கறதுக்கு வாங்கறேன்" என்றார் பாய்.

இப்போது உயர்ந்த ரகத் தோல்கள் முதலில் அவரிடம்தான் போகின்றன. அவரைப்போலக் கழுத்தை வெட்டிக் காட்டுகிறவனுக்கு அன்று வேலை கிடையாது. வீட்டில் பிள்ளைகள் மறுபடி நடிக்கச் சொன்னார்கள். முடியாது என்றேன், ஏன் என்பதையும் உட்காரவைத்துச் சொன்னேன்.