குறிக்குக் கீழே கோபுரம்

எழுபத்தொன்றாம் வருடப் போரின்போது காஞ்சிபுரத்தில் முதலுதவிப் படைக்குப் பெண்களைச் சேர்த்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருக்க வேண்டும் என்று நோட்டீசில் போட்டிருந்தது. எங்கள் நெசவுக் குடும்பத்தில் அந்த நோட்டீசைத் தானே படித்து, "இது எனக்கு" என்று சொல்ல முடிந்த முதல் ஆள் நான்தான். பயிற்சியில் என்னையே தலைவியாகவும் ஆக்கினார்கள். அந்தப் பெருமையை நான் மறைக்கவில்லை. எதற்கு மறைக்க வேண்டும்?

பயிற்சி கொடுத்தவர் பட்டாள ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாளே எங்களுக்கு அந்தக் குறியைப் பற்றிச் சொன்னார். வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை. அதைக் கையில் கட்டி வைத்தியம் பார்ப்பவரைச் சுடக் கூடாது என்று சண்டை போடும் நாடுகளே கையெழுத்திட்டிருக்கின்றன. கட்டியவருக்கும் கடமை உண்டு; அடிபட்டவன் எதிரியானாலும் அவனுக்குக் கட்டுப்போட வேண்டும்.

"அந்தக் குறியோட வேற எதுவும் சேரக் கூடாது. பேரு, படம், எதுவும். சேர்த்தா அது வெறும் துணிதான்" என்றார்.

ஒரு துண்டுத் துணி துப்பாக்கியை நிறுத்தும் என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அன்று முழுவதும் எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

கைப்பட்டைகளைப் பட்டுக்கடை முதலாளி ஒருவர் இலவசமாகத் தருவதாக ஏற்பாடு. அப்பா அவருக்குத்தான் கூலிக்கு நெய்தார். பாவு நூலும் ஜரிகையும் அவர் கொடுத்தால்தான் எங்கள் தறி ஓடும். பட்டை நெய்யும் வேலையும் எங்கள் வீட்டுக்கே வந்தது. ஒரு சாயங்காலம் தறியில் போய்ப் பார்த்தேன். வெண்பட்டில் சிவப்புக் குறி, இரண்டு பக்கமும் ஜரிகைக் கரை. குறிக்குக் கீழே ஒரு கோபுரம். அது முதலாளியின் கடை முத்திரை. அவர் கடைப் பை எல்லாவற்றிலும் இருக்கும்.

"இன்னாபா இது? கரை எதுக்கு?"

"கரை இல்லாத வெள்ளையப் பொணத்துக்குதாம்மா போடுவாங்க. மவ கையில அத்தப் போய்க் கட்டுவனா நானு?"

"சரி, கோபுரம்?"

"மொதலாளி போடச் சொன்னாரு. சொன்னத நெய்துக்கினு இருக்கிறேன்."

கரைக்காக அப்பாவிடம் கோபப்பட என்னால் முடியவில்லை. கோபுரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மறுநாள் ஒரு பட்டையை நர்சம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "தப்புதான்மா. ஆனா இலவசமாக் குடுக்கிறவங்ககிட்ட என்னன்னு சொல்றது? இங்க யாரு சுட வரப்போறாங்க? அனுசரிச்சுப் போம்மா" என்றார். பாடம் நடத்தியவர் சொன்னார் இதை! முதலாளிக்கு ஒன்றும் தெரியாது, போகட்டும். இவருக்கு எல்லாம் தெரியுமே!

வீட்டில் வெள்ளைப் பாப்ளின் துணியில் சிவப்புத் துண்டு வைத்து நானே ஒரு பட்டை தைத்துக்கொண்டேன். பட்டை கொடுக்கும் விழா அன்று மேடையில் முதலாளி முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். பட்டையை நீட்டினார். போட்டோக்காரர் தயாராக நின்றார். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"இதுல உங்க கடைக் கோபுரம் இருக்குதுங்க. குறி மட்டும்தான் இருக்கணும். நான் தைச்சத கட்டிக்கிறேன்."

முதலாளி சிரித்தார். "ஏம்மா, பாகிஸ்தான்காரன் கோபுரத்தப் பார்த்துட்டா சுடப்போறான்? அவன் எங்க, நாம எங்க!"

அரங்கமே சிரித்தது.

"அவன் வரமாட்டான்னா பட்டை எதுக்குங்க? கடைக்கு விளம்பரம் வேணும்னா சுவத்துல எழுதுங்க."

சிரிப்பு நின்றது. அவர் குரலைத் தாழ்த்தி, "பொங்கல் பாவு இன்னும் உங்கப்பன் கைக்கு வரல, தெரியுமில்ல?" என்றார்.

தெரியும். அந்தப் பாவு வராவிட்டால் பொங்கலுக்கு எங்கள் தறி சும்மா நிற்கும். கடைசி வரிசையில் அப்பா எழுந்து நின்றார். "கட்டிக்கோம்மா" என்று அங்கிருந்தே சொன்னார். அவ்வளவு பேர் முன்னால் அப்பாவைக் கெஞ்ச வைத்துவிட்டார்களே! அதனாலேயே நான் கட்டிக்கொள்ளவில்லை. மேடையை விட்டு இறங்கினேன். தலைவி பதவியை அடுத்து நின்ற பெண்ணுக்குக் கொடுத்தார்கள். அவள் கையை நீட்டினாள், போட்டோ எடுத்தார்கள்.

சில நாளில் போரும் முடிந்தது. பாவு வரவில்லை. பொங்கலன்று வெறும் தறிக்குப் பொட்டு வைத்துவிட்டு அப்பா சாப்பிட உட்கார்ந்தார்.

"நீ கட்டிக்கினு இருந்திருக்கலாம்."

"நீ அந்தக் கோபுரத்த நெய்யாம இருந்திருக்கலாம்பா."

பொங்கல் முடிந்து அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் பாவு கேட்டு வாங்கினார். கூலி குறைவு, ஆனாலும் தறி ஓடியது. தெருவில் முதலாளியின் கார் வந்தால் அப்பா அதற்குப் பிறகும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். நான் பக்கத்தில் இருந்தால் ஒதுங்க மாட்டேன். டிரைவர்தான் ஹார்ன் அடித்து, வளைத்து ஓட்டிக்கொண்டு போவார்.