சம்பூரில் இரண்டு கட்டில்

வெள்ளிக்கிழமை காலை இங்கர் ஒரு தலையணையோடு வேலைக்கு வந்தாள். பேர்கன் நகரத்தில் நாங்கள் இருவரும் ஒரு பார்ணஹாகேயில், அதாவது சிறுபிள்ளைகளைப் பகலில் பராமரிக்கும் இடத்தில், வேலை செய்கிறோம். வெளியே வழக்கமான மழை. மழைக்கோட்டுக்குள் தலையணையை நனையாமல் அணைத்துக்கொண்டு வந்தவள், அதைத் தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். “இன்று இரவு நான் வீட்டில் படுக்கப் போவதில்லை” என்றாள். ஐம்பது வயது கடந்த பெண், வளர்ந்த இரண்டு பிள்ளைகளின் தாய். வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டேன். இல்லை என்றாள். “அப்போ உன் புருசன்?” “அவன் நாயோடு வீட்டில் இருப்பான்.” அந்தப் பதில் என் பயத்தை இன்னும் கூட்டியது. கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் சொன்னேன்: “எங்கள் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. எத்தனை நாளும் நிற்கலாம். நான் ஒருவருக்கும் சொல்ல மாட்டேன்.”

இங்கர் சிரிக்கத் தொடங்கி, நிற்க முடியாமல் பிள்ளைகளின் குட்டிக் கதிரை ஒன்றில் போய் இருந்துவிட்டாள். விடயம் இதுதான்: அவளும் அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்த நான்கு பேரும் ஒரு வீட்டில் கூடி, ஒரே மாதிரி இரவுடை போட்டு, பழைய கதைகளைக் கதைத்து, ஒன்றாகப் படுத்து எழும்பப் போகிறார்கள். அதற்குப் பெயர் பிஷாமஸ்ஃபெஸ்ட். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பியவள் என் கையைப் பிடித்து, “ஆனாலும் அந்த அறையை எனக்காக வைத்திரு” என்றாள்.

அன்று மாலை பஸ்ஸில் வரும்போது இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். எங்கள் திருகோணமலைப் பக்கத்தில் ஒரு குடும்பப் பெண் எப்போது வெளியில் படுப்பாள்? செத்தவீடு, பிள்ளைப்பேறு, ஆசுபத்திரி, இடப்பெயர்வு. தலையணையை எடுத்துக்கொண்டு ஓடிய கதை எல்லா வீட்டிலும் இருக்கிறது. விரும்பி எடுத்துக்கொண்டு போன கதை யாரிடமும் இல்லை. அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே, இல்லை, எனக்கு ஒன்று இருக்கிறது என்று ஞாபகம் வந்தது.

கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முந்தைய காலம். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் பெரிய மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். என்னோடு படித்த நளீமா அந்தப் பாதையில் ஏறித்தான் கிண்ணியாவிலிருந்து திருகோணமலை நகரத்துக்கு ரியூசனுக்கு வருவாள். மற்றச் சிநேகிதி சிவகலாவின் ஊர் சம்பூர். படிப்புக்காக லிங்கநகரில், எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில், அவளுடைய மாமி வீட்டில் நின்றாள். ஒரு மாரிக்காலச் சனிக்கிழமை காற்றும் மழையுமாய்ப் பிடித்துக்கொள்ள, பாதை நின்றுவிட்டது. முன்கடைத் தொலைபேசிக்கு நளீமாவின் வாப்பா எடுத்து, “புள்ள அங்கேயே நிக்கட்டும்” என்று அம்மாவிடம் சொன்னார். நளீமா நிற்கிறாள் என்றதும் சிவகலாவும் பாயைச் சுருட்டிக்கொண்டு மழைக்குள்ளால் ஓடி வந்துவிட்டாள். அந்தித் தொழுகையான மஃரிப் நேரம் வந்தபோது அம்மா, “எந்தப் பக்கம் பாத்துப் பிள்ளை தொழுறனீங்கள்?” என்று கேட்டார். நளீமா குசினிப் பக்கம் கையைக் காட்டினாள். அம்மா உடனே குசினிக்குள் போய், கழுவாத சட்டிபானை எல்லாவற்றையும் பின்வாசலுக்கு எடுத்து வைத்துவிட்டு, தோய்த்த படுக்கைவிரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். அன்று நாங்கள் மூவரும் ஹோலில் பாயை வரிசையாகப் போட்டுப் படுத்தோம். எதற்குச் சிரித்தோம் என்று நினைவில்லை. அம்மா மூன்று தரம் வந்து ஏசினது நினைவிருக்கிறது.

பிறகு நான் கலியாணம் கட்டி நோர்வேக்கு வந்துவிட்டேன். ஊருக்குப் போகிற நேரங்களில் இருவரையும் சந்திப்பேன். ஆனால் அது ஒரு தேநீர், ஒரு படம், “நேரமாச்சுது, வாறன்” என்று முடிந்துவிடும். இந்த முறை ஆடி விடுமுறைக்கு லிங்கநகரில் என் அக்கா வீட்டுக்குப் போவதாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினேன். இங்கரின் கதையைச் சொல்லி, நாங்களும் ஒரு இரவு இப்படிச் செய்வோமா என்று கேட்டேன். நளீமா அந்த நிமிடமே குழுவுக்கு “பாதை நிண்ட புள்ளையள்” என்று பெயர் வைத்தாள். எந்தப் பாட்டு, எந்தச் சாப்பாடு, முதலில் நித்திரை கொள்பவளுக்கு என்ன தண்டனை என்றெல்லாம் எழுதித் தள்ளினோம். நான் கடைக்குப் போய், கலைமான் படம் போட்ட சிவப்பு இரவுடை மூன்று, ஒரே மாதிரி, வாங்கினேன். குளிர்நாட்டுத் தடித்த துணி. திருகோணமலை ஆடி வெயிலை அந்தக் கடைக்குள் நின்ற எனக்கு நினைக்கத் தோன்றவில்லை. மூன்றையும் கட்டிலில் பரப்பிப் படம் எடுத்து அனுப்பி, அதன் கீழே எழுதினேன்: “அக்கான்ட வீட்டு ஹோல்ல, அண்டைக்கு மாதிரியே, நிலத்தில மூண்டு பாய் வரிசையாப் போட்டுப் படுப்பம்.”

நளீமா சிரிப்புப் படங்களாக அனுப்பினாள். சிவகலா வாசித்ததற்கு அடையாளமாக நீலக்கோடு வந்தது, பதில் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. மாட்டு வேலை கூடிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். அவளும் கணவரும் மாடு வளர்த்துத் தயிர் விற்கிறார்கள். மூன்றாம் நாள், வேலை முடிந்து பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது, எனக்கு மட்டும் ஒரு குரல்பதிவு வந்தது.

“வசந்தி, கோவிக்காத. பாயை வரிசையாப் போடுறதெண்டு நீ எழுதினதை வாசிச்ச உடன எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சுது. நாங்கள் எத்தினை வருசம் அப்பிடிப் படுத்தனாங்கள் எண்டு உனக்குத் தெரியும்தானே. வெருகல்ல பள்ளிக்கூடத்தில, வாகரையில மரத்துக்குக் கீழ, பிறகு முகாம்ல. காலை நீட்டினா மற்ற ஆளில படும். பக்கத்தில படுத்திருக்கிறது ஆரெண்டும் தெரியாது. ஊருக்குத் திரும்பி வந்து வீட்டைக் கட்டினதுக்குப் பிறகு நான் ஒரு இரவும் வெளியில படுக்கேல்ல. தங்கச்சின்ட கலியாணத்துக்குப் போயும் இரவே திரும்பி வந்திட்டன். எனக்கு ஏலாது வசந்தி. நீங்கள் ரெண்டு பேரும் சந்தோசமாப் படுங்கோ. நான் பகல் வந்து சமைச்சுத் தந்திட்டுப் போறன்.”

ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அதை இன்னொரு தரம் கேட்டேன். சம்பூர் இரண்டாயிரத்து ஆறில் போரால் இடம்பெயர்ந்ததை நான் பேர்கனில் இருந்து தொலைபேசியில் கேட்டவள். யார் தப்பினார்கள், யார் எந்த முகாமில் என்றெல்லாம் விசாரித்தவள். அவர்கள் எப்படிப் படுத்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான் ஆசையாக ஒழுங்குசெய்த அந்த மூன்று பாய்களைத்தான் அவள் இவ்வளவு காலமாக மறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மன்னிப்பை எழுதத் தொடங்கினேன். எழுத எழுத அது என்னைப் பற்றியதாகவே வந்தது. அழித்துவிட்டு நளீமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

நளீமா முழுவதையும் கேட்டாள். பகிடி ஒன்றும் விடவில்லை. பிறகு, “அவவுக்கு அவட ஊட்டதான் நித்திர வருமெண்டா நாம அங்க போவம். இதுல என்ன இரிக்கு?” என்றாள்.

“உன்ட அவர் விடுவாரோ?”

“புள்ள, உனக்கு ஒண்டு சொல்லட்டா? லிங்கநகர் எண்டு சொல்லித்தான் எனக்குப் பிரச்சின. பாலம் இரிக்கு, மோட்டார் சைக்கிள் இரிக்கு, கதைச்சிட்டு ராவைக்கு வாறதுக்கு என்ன எண்டு கேக்கார். நான் என்னத்தச் சொல்ல? சம்பூர் எண்டா தூரம். நல்ல சாட்டு.”

அன்றே சிவகலாவுக்கு எடுத்தேன். “நாங்கள் உன்ட வீட்ட வரலாமோ?” என்று மட்டும் கேட்டேன். பின்னால் ஒரு மாடு கத்துவது கேட்டது.

“என்ட வீட்டில ரெண்டு கட்டில்தான் இருக்கு” என்றாள்.

“காணும்.”

“ஒண்டு உயரம், ஒண்டு பதிவு.”

“காணுமடி.”

அதற்குப் பிறகு திட்டம் என் கையை விட்டுப் போய்விட்டது. அந்த வீடு கட்டிய நாளிலிருந்து அதில் விருந்தாளி யாரும் இரவு தங்கியதில்லையாம். சிவகலா குழுவில் எழுதிக்கொண்டே இருந்தாள். தலையணை மெதுவாய் வேணுமோ, கட்டியாய் வேணுமோ? வெளிநாட்டு வயிறு நண்டைத் தாங்குமோ? நளீமாவுக்கெண்டு புதுச்சட்டி வாங்கினனான், மீனும் மரக்கறியும்தான். நுளம்பு வலை அகலம் காணாது, இன்னொண்டைச் சேர்த்துத் தைக்கிறன். நான் பேர்கன் குசினியில் நின்று ஒவ்வொன்றாக வாசிப்பேன். எனக்கு இரவுடையைத் தவிர வேறு வேலை எதுவும் மிஞ்சவில்லை.

அந்த நாள் வந்தது. அக்கா வீட்டிலிருந்து மத்தியானம் ஓட்டோவில் புறப்பட்டேன். துறைமுகத்தை ஒட்டி, சீனக்குடா தாண்டி, கிண்ணியாப் பாலத்தடியில் நளீமா ஏறினாள். மடியில் ஒரு பெரிய வாளி நிறைய, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம். மூதூர் தாண்டி நாங்கள் சம்பூருக்குப் போய்ச் சேர, சிவகலா படலையில் நின்றாள். புதுச் சீலை கட்டியிருந்தாள். அவளுடைய கணவர், எங்களுக்குத் தயாளன் அண்ணை, ஒரு பாயையும் தலையணையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“எங்க அண்ணை போறீங்கள்?”

“தம்பி வீட்ட. இண்டைக்கு நான்தான் இடம்பெயர்ந்த ஆள்” என்றார். சொல்லிவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார். சிவகலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்த பிறகுதான் எங்களுக்குச் சிரிக்கத் துணிவு வந்தது.

இரவுடைகளைக் கொடுத்தேன். நளீமா தன்னுடையதை விரித்துப் பார்த்து, “இதப் போட்டா நான் வெந்து போவன் புள்ள” என்றாள். என்றாலும் மூவரும் ஒரு படத்துக்காகப் போட்டோம். வேர்வை வழிய, கலைமான்களோடு, முற்றத்தில் மாட்டுக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படம் அது. படம் எடுத்த அடுத்த நிமிடம் கழற்றி எறிந்துவிட்டு நைட்டிக்கு மாறினோம். நண்டுக்குழம்பு, மீன் பொரியல், வட்டிலப்பம். வட்டிலப்பத்தில் பாதியைத் தயாளன் அண்ணைக்குக் கொடுத்து அனுப்பினோம்.

படுக்கிற நேரம் கட்டில் இரண்டையும் தள்ளிச் சேர்த்தோம். அவள் சொன்னது உண்மை, ஒன்று உயரம், ஒன்று பதிவு. நடுவில் படிக்கட்டுப் போல ஓர் இறக்கம். உயரத்தில் நான், படிக்கட்டில் பாதியும் பள்ளத்தில் பாதியுமாக நளீமா. கதவுப் பக்கத்து விளிம்புதான் தனக்கு வேண்டும் என்றாள் சிவகலா. கொடுத்தோம். முன்கதவை ஒருதரம் பார்த்துவிட்டு வந்து இருந்தாள். பிறகும் எழும்பிப் போனாள். மூன்றாம் முறையும் எழும்பப் போக, நளீமா அவளுடைய கையைப் பிடித்து, “இரி, நான் பாத்திட்டு வாறன்” என்று தானே போய்ப் பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். “பூட்டியாச்சு. நானும் வெளியால போக ஏலாது, உள்ளுக்கும் ஆரும் வர ஏலாது” என்றாள். சிவகலா படுத்தாள். அன்றைய கதைகளை நான் இங்கே எழுதப் போவதில்லை. விடியும்வரை முழித்திருப்போம் என்று சபதம் போட்டிருந்தோம். கொஞ்ச நேரத்திலேயே ஒருத்தியின் மூச்சு மாறிவிட்டது. தண்டனைக்குரியவள் சிவகலா. நாங்கள் தண்டிக்கவில்லை.

காலையில் மாடு கத்தித்தான் நான் எழும்பினேன். நன்றாக வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. தொழுது முடித்த நளீமா கட்டிலில் இருந்து, வாயில் விரலை வைத்துக் காட்டினாள். சிவகலா கையையும் காலையும் விரித்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கால் நளீமாவின் மடியில் கிடந்தது. நாங்கள் அசையவில்லை. வெளியே தயாளன் அண்ணை வந்து பால் கறக்கும் சத்தம் கேட்டது. ஜன்னலால் எட்டிப் பார்த்தவர் மனைவியைக் கண்டுவிட்டு, “இன்னும் எழும்பேல்லையோ?” என்று இரகசியமாகக் கேட்டார். நளீமா தலையை ஆட்டினாள். அவர் பால்வாளியைச் சத்தம் வராமல் தூக்கிக்கொண்டு போனார்.

வெயில் ஏறின பிறகுதான் சிவகலா கண்விழித்தாள். வெட்கப்பட்டு எங்களை ஏசினாள். தேநீர் குடித்துவிட்டு மூவரும் கடற்கரைக்கு நடந்தோம். கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் திருகோணமலை தெரிந்தது. கோணேசர் கோயில் மலை, அதற்கு இந்தப் பக்கம் துறைமுக வாசல், ஒரு கப்பல். இவ்வளவு வருடத்தில் என் ஊரை நான் எதிர்க்கரையில் நின்று பார்த்ததே இல்லை. சிவகலா அந்தப் பக்கம் கையைக் காட்டி, “முகாம்ல இருந்து வந்த புதுசில நான் இதில வந்து இருந்து உன்ட ஊரைத்தான் பாத்துக்கொண்டிருப்பன்” என்றாள். “நீ அங்க இல்லையெண்டு தெரியும். ஆனாலும் பாப்பன்.” நளீமா எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

அன்று பின்னேரம் லிங்கநகரில் அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சிவகலாவின் செய்தி வந்தது. “வீட்ட போய்ச் சேந்திட்டியோ?” ஓம் என்று எழுதினேன்.

அடுத்த கிழமை பேர்கனில் வந்து இறங்கினேன். மழை. கதவைத் திறந்து, பெட்டியை உள்ளே இழுத்து வைத்து, நனைந்த சப்பாத்தைக் குனிந்து கழற்றிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அதிர்ந்தது. அதே கேள்வி, அதே சொற்கள். “வீட்ட போய்ச் சேந்திட்டியோ?” ஓம் என்று எழுதி அனுப்பினேன். அனுப்பின பிறகு பார்த்தேன். அந்தச் சிறிய திரையில், லிங்கநகரில் அன்று எழுதிய ஓம் மேலே இருந்தது. அதற்குக் கீழே இந்த ஓம். இரண்டுமே பொய்யில்லை. ஒரு காலில் சப்பாத்தோடு வாசலில் நின்று, வெளிச்சம் அணையும்வரை அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.