வேல்ஸில் அம்மா பார்த்த கோட்டைகள்

1986ஆம் ஆண்டுக் கோடையில் அண்ணா வேல்ஸிலிருந்து எனக்கு ரொறன்ரோவுக்குப் போன் எடுத்தார். அவர் அங்கே ஒரு சின்ன நகரத்து ஆஸ்பத்திரியில் டொக்டர். அண்ணியின் பிள்ளைப்பேறு பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து பங்குனியில் வந்த அம்மா, ஊரில் சண்டை மோசமாகிவிட்டதால் திரும்பிப் போகாமல் அவர்களுடனேயே இருந்தார். அப்பா ஊரில் தனியே வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அம்மா கதைக்கிறா இல்லை,” என்றார் அண்ணா. “சமைக்கிறா, பிள்ளையைக் குளிக்க வாக்கிறா. வாய் மட்டும் திறக்கிறா இல்லை. நீ ஒருக்கா வந்திட்டுப் போ.”

நான் அப்போது கணவரோடு ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு அப்பார்ட்மெண்டில் இருந்தேன். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. வந்து நான் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்க நினைத்தேன். லீவு எடுத்துக்கொண்டு போனேன்.

மழையும் செம்மறி ஆடுகளும் நிறைந்த கரையோர மாவட்டம் அது. திரும்பின பக்கமெல்லாம் இடிந்த கோட்டைகள். வெளியே கூட்டிக்கொண்டு திரிந்தால் அம்மாவுக்கு மனம் மாறும் என்பது அண்ணாவின் வைத்தியம். நான் போய் இறங்கிய அன்று சாப்பிடும்போது அவர் சொன்னார்:

“நாளைக்கு எல்லாரும் ஒரு கோட்டைக்குப் போவம்.”

குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. “கோட்டைக்கோ?”

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை இருந்தது. அதற்குள் ஆமி. அங்கிருந்து அடிக்கிற ஷெல் எங்கள் பக்கத்துத் தெருக்களில்தான் விழுந்தது. அந்த நாட்களில் எங்கள் சனத்துக்குக் கோட்டை என்றால் அது ஒன்றுதான்.

“இது வேறை, அம்மா,” என்றார் அண்ணா அவசரமாக. “சும்மா பாழடைஞ்சு கிடக்குது. உள்ளுக்கை ஆடு மேயுது.” அதற்குப் பிறகு அவர் ‘காசில்’ என்று இங்கிலீஷில்தான் சொன்னார்.

சேலைக்கு மேலே அண்ணாவின் மழைக்கோட்டு, காலுறையோடு சப்பாத்து என்று அம்மா எங்களோடு வந்தார். முதல் இரண்டு இடங்களிலும் ஒன்றும் பேசவில்லை. மூன்றாவதில், சுவரில் நெடுக்காக வெட்டியிருந்த ஒரு ஒடுங்கிய துவாரத்துக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

“உதுக்குள்ளால என்ன செய்யிறவை?”

“அம்பு விடுறவை.”

“ஆருக்கு?”

“வெளியில நிக்கிற சனத்துக்கு.”

“அந்தச் சனத்தின்ரை ஊர்தானே இது?”

அண்ணா அறிவிப்புப் பலகையைத் திரும்ப வாசித்தார். பிறகு, “ஓம்,” என்றார்.

இப்படி அவர் கேள்வி கேட்டதே எங்களுக்குப் பெரிய சந்தோஷம். அடுத்த கிழமை, ஆற்று முகத்துவாரத்துக்கு மேலே நின்ற கோட்டையொன்றில், “மேல ஏறிப் பாப்பம்,” என்று அம்மாவே சொன்னபோது அண்ணா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் அம்மாவுக்குப் பின்னால் ஏறினேன். அண்ணாவும் அண்ணியும் குழந்தையோடு கீழே புல்லில் இருந்தார்கள். சுழன்று சுழன்று போகும் கற்படிகள்; பிடிக்க ஒரு கயிறு. ஒரே இருட்டு.

பாதி ஏறியிருப்போம். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அந்தச் சத்தம் வந்தது. அந்தப் பள்ளத்தாக்குகளில் விமானப் படையின் ஜெட்டுகள் பயிற்சிக்குத் தாழப் பறப்பது வழக்கம். அண்ணாவுக்கு அது பழகிப் போய்விட்டதால் சொல்ல வேண்டுமென்றே தோன்றவில்லை. கோபுரமே அதிர்ந்தது. அம்மா படியில் குந்திக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்துத் தன் மடிக்குள் என் தலையை அமுக்கினார்.

“பொம்மர்! காதைப் பொத்து, வாயைத் திற!”

இரண்டாவது ஒன்றும் போனது. பிறகு அமைதி. அம்மா அசையவில்லை. மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் எங்களைத் தாண்ட வழியில்லாமல் நின்றது.

“அம்மா, அது பயிற்சி. குண்டு போடமாட்டாங்கள். எழும்புங்கோ.”

“உனக்கென்ன தெரியும்? நீ எங்கை கண்டனீ?”

உண்மைதான். எண்பத்து மூன்றின் முடிவிலேயே நான் நாட்டைவிட்டு வந்துவிட்டேன். அவர் கண்டது எதையும் நான் காணவில்லை.  அவரைக் கட்டிப் பிடித்தபடி இருந்தேன்.

அண்ணா ஏறிவந்து நாடி பார்க்கக் கையைப் பிடித்தார். அம்மா தட்டிவிட்டார். “பிள்ளையை ஏன் வெளியில விட்டனீ? வெட்டையில விட்டிட்டு வந்து என்ரை கையைப் பிடிக்கிறியோ? கொண்டுவா உள்ளுக்கு!”

அண்ணா இறங்கிப் போய்க் குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். அதன் பிறகுதான் மூச்சு சீரானது. மேலே நின்ற குடும்பமும் காத்திருந்து காத்திருந்து படிகளில் உட்கார்ந்துவிட்டது. அந்தப் பெண் தன் பிளாஸ்கிலிருந்து ஒரு மூடி தேநீர் ஊற்றிக் கீழே நீட்டினாள். அம்மா அதை வாங்கிக் குடித்தார். பிறகு, எழும்பி நிற்க மறுத்து, இருந்தபடியே ஒவ்வொரு படியாக அரக்கி அரக்கி இறங்கினார்.

காரில்தான் கதைத்தார். அடக்கி வைத்த ஐந்தாறு மாதமும் ஒன்றாக வந்தது. வானத்திலிருந்து ஹெலி சுட்டது, பக்கத்து வீட்டு மதில் விழுந்தது, வளவுக்குள் வெட்டிய பதுங்குகுழி, அப்பாவின் முழங்கால் வருத்தம்.

“குழிக்குள்ளை இறங்கினால் அவராலை தனிய ஏற ஏலாது. நான்தான் கையைப் பிடிச்சு இழுக்கிறனான். இப்ப அவரை ஆர் தூக்கி விடுறது?” என்றார். பிறகு, “என்னை அனுப்பிவிடுங்கோ,” என்றார்.

அண்ணா ரோட்டைப் பார்த்துக்கொண்டு காரை ஓட்டினார். நான் பின் சீற்றில் அம்மாவின் கையைப் பிடித்திருந்தேன். அனுப்பவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. 

நான் ரொறன்ரோவுக்குத் திரும்பி, அம்மாவையும் அப்பாவையும் என்னிடம் கூப்பிட ஸ்பொன்சர் செய்யும் வேலையைத் தொடங்கினேன். அது நத்தை போல நகர்ந்தது. அடுத்த வருஷம் சமாதான ஒப்பந்தம் வந்தது, சண்டை நின்றது என்றார்கள். அம்மா பெட்டியை அடுக்கிவிட்டார். அண்ணா போனில் யோசனை கேட்டார். ஒருநாள் விடுங்கோ என்றேன், மறுநாள் விடாதையுங்கோ என்றேன். அம்மா போய்விட்டார்.

ஐப்பசியில் திரும்பவும் சண்டை. நான் முதியோர் இல்லத்தில் யார் யாருக்கோ சூப் ஊற்றிக்கொண்டு நின்றேன். வாரக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. எங்களுக்குப் பக்கத்து வோபர்னுக்கு ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த ஒருவர்தான் கடைசியில் சொன்னார்: “ரெண்டு பேரும் உயிரோடை இருக்கினம், தங்கச்சி. கோயில்ல சனத்தோடை சனமா இருந்தவை. வீட்டுக்குத்தான் கூரை இல்லை.”

ஸ்பொன்சர் சரிவந்தபோது அப்பா வரமாட்டேன் என்றார். அவரை விட்டிட்டு இரண்டாம் தரம் வெளிக்கிடமாட்டேன் என்றார் அம்மா. எவ்வளவு கெஞ்சியும் பயனில்லை. கூரை போன இடத்தைத் தகரத்தால் மூடிக்கொண்டு அந்த வீட்டிலேயே இருந்தார்கள்.

அவர்கள் வரமாட்டார்கள் என்று உறுதியான அன்று காலை அண்ணா போன் எடுத்தார். “நான் அவவைப் போக விட்டிருக்கக் கூடாது, என்ன?”

எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. “அண்ணா, எனக்கு வேலைக்கு நேரமாகுது,” என்று சொன்னேன். அவரும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.