உண்டியலின் வயிற்றுக் கணக்கு

தெருவில் எல்லோருக்கும் அவர் தியேட்டர் சிஸ்டர். சினிமா தியேட்டர் இல்லை, ஆபரேஷன் தியேட்டர். டாக்டர் கை நீட்டுவதற்குள் கருவியை எடுத்துக் கொடுப்பது ஒரு வேலை, எண்ணுவது இன்னொரு வேலை. கத்தரிக்கோல் எத்தனை, ஊசி எத்தனை, ரத்தம் ஒற்றும் துணி எத்தனை என்று வயிற்றைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தடவை, மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை, தையல் முடியும்போது ஒரு தடவை எண்ண வேண்டும். வாய்விட்டு எண்ண வேண்டும், பக்கத்தில் இன்னொருவரும் பார்த்துக்கொண்டே கூட எண்ண வேண்டும். கணக்கு உதைத்தால் எப்பேர்ப்பட்ட டாக்டரும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு நிற்க வேண்டியதுதான். இருபத்தாறு வருஷத்தில் ஒரு துண்டுத் துணிகூட அவரை ஏமாற்றிவிட்டு யார் வயிற்றுக்குள்ளும் தங்கியதில்லை. இதைக் கேட்கிறவர்களுக்குக் காது புளித்துப் போகும் வரை சொல்வார். சொல்லட்டுமே, சொன்னால் என்ன குறைந்துவிடும்!

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம், சமையலறை ஜன்னல் வழியாக ஒரு பூனை இறங்கி வந்தது. சாம்பல் நிறம், நெஞ்சில் மட்டும் ஒரு கைக்குட்டை அளவு வெள்ளை. யாரையும் கேட்காமல் மேஜைமேல் விரித்திருந்த செய்தித்தாளில் படுத்துத் தூங்கியது. எழுந்ததும் சிஸ்டரின் முடி கட்டும் ரப்பரை விழுங்கியது. நல்லவேளை, அது மூன்றாம் நாள் போக வேண்டிய வழியில் போய்விட்டது. அந்த வாரமே ஒரு பட்டாணியையும், பரிசுப் பொட்டலம் கட்டிய நாடாவில் ஒரு சாண் நீளத்தையும் உள்ளே தள்ளப் பார்த்தது. சிஸ்டரின் வீட்டுக்காரர்தான் அதற்கு உண்டியல் என்று பெயர் வைத்தார். போட்டதெல்லாம் உள்ளே போகும், திரும்ப எடுக்க வேண்டுமென்றால் உடைக்க வேண்டும்.

வீட்டுக்காரர் மரம் அறுக்கும் மில்லில் ரம்பத்துக்குச் சாணை பிடிப்பவர். ஆறடி உயரம், பேச்சு அரையடி. நாள் முழுக்க ரம்பத்தின் அலறலில் நிற்பதால் காதுக்குள் ஸ்பாஞ்சில் செய்த ஆரஞ்சு நிற அடைப்பைத் திணித்துக்கொண்டுதான் வேலை. பூனைமேல் அவருக்கு உயிர். மனைவி பார்க்காதபோது அதனிடம் முழு வாக்கியங்களில் பேசுவார்.

நாடா விஷயத்தில்தான் முதன்முதலாக மிருக டாக்டரிடம் ஓடினார்கள். நாடாவின் ஒரு முனை உண்டியலின் வாயிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் இழுக்கப் போனார். “கையை எடுங்க!” என்று சிஸ்டர் போட்ட சத்தத்தில் அவர் கை மட்டுமா, பூனையே ஒரு முழம் எகிறியது. டாக்டர் சின்னப் பெண், மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதை மேஜை மேஜையாகத் தேடுகிறவர். அவர் பாராட்டினார்.

“இழுக்காம கொண்டு வந்தீங்க பாருங்க சிஸ்டர், அதுலதான் தப்பிச்சுது. உள்ள எங்கயாவது மாட்டியிருந்தா, இழுக்குற இழுப்புல குடலையே அறுத்துடும். நூலு, நாடா, ரப்பர் பேண்ட், ஷூ கயிறு, ஸ்பாஞ்ச் எதையும் கண்ணுல படுற மாதிரி வைக்காதீங்க. வாந்தி எடுக்க வைக்கிறேன்னு வீட்டுல எதையும் வாயில ஊத்திடாதீங்க. அப்புறம், இதுங்களுக்குப் பொழுது போகலைன்னாதான் வாய் வேலை செய்யும். காலையில கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் விளையாடுங்க.”

இந்தப் பேச்சின் முதல் பாதியை சிஸ்டர் எடுத்துக்கொண்டார், கடைசிப் பாதியை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். அவர் ஒரு குச்சியில் இறகைக் கட்டி, இரண்டு வேளையும் கூடத்தில் உண்டியலை ஓட விட்டார். ஆட்டம் முடிந்ததும் குச்சி அலமாரிக்குள் போய்விடும். சிஸ்டரோ சமையலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டினார். ஊசி ஏழு, நூல்கண்டு நாலு, ரப்பர் பேண்ட் பன்னிரண்டு, முடி ரப்பர் ஆறு, ஷூ கயிறு நாலு, பாட்டில் மூடி அஞ்சு, காதடைப்பு நாலு. ஒவ்வொன்றுக்கும் இறுக்கி மூடும் டப்பா. குப்பைக்கூடை மாறி, காலால் மிதித்தால் திறக்கிற கூடை வந்தது. காலையிலும் சாயங்காலமும் எண்ணிக்கை.

“காதடைப்பு?” என்பார் சிஸ்டர்.

“நாலு.”

“பார்த்துச் சொல்லுங்க. சுவத்தைப் பார்த்துச் சொன்னா?”

“நாலும்மா, நாலு.”

ரம்பத்துக்கு முன்னால் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற மனுஷன், செருப்பைக் கழற்றியதும் ரப்பர் பேண்டை எண்ண வேண்டும். எண்ணினார். ஒரு நாள் பாட்டில் மூடி ஒன்று குறைந்தது. அவ்வளவுதான், வீடு ரெண்டுபட்டது. சோபா தலைகீழானது, வீட்டுக்காரர் டார்ச்சோடு கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்தார். “எடுத்தா எடுத்த இடத்துல வைக்கத் தெரியாதா? ஒரு ஜீவன் உயிரோட விளையாடுறீங்களா?” என்று மேலேயிருந்து அர்ச்சனை நடந்தது. கடைசியில் மூடி சிஸ்டரின் சட்டைப் பையிலேயே இருந்தது. அதற்காக அர்ச்சனையைத் திரும்பப் பெற முடியுமா? “இனிமேலாவது ஜாக்கிரதையா இருங்க” என்று முடித்துக்கொண்டார்.

இப்படியே எட்டு மாதம் ஓடிற்று. உண்டியல் கொழுத்தது. பலகையில் எல்லாம் சரி.

அப்புறம் ஒரு காலை, மீன் வைத்த தட்டுப் பக்கம் உண்டியல் வரவில்லை. தட்டைக் கழுவும் சத்தத்துக்கே ஓடி வருகிற பூனை. சிஸ்டர் தேடிப் போனார். துணி துவைக்கும் மிஷினுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் மஞ்சளாக இரண்டு இடத்தில் வாந்தி. வயிற்றை மெல்லத் தொட்டதும் முனகியது. சிஸ்டர் பதறவில்லை, பலகைக்கு முன்னால் போய் நின்றார். டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணினார். சரி. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கூட எண்ணச் சொன்னார். அதுவும் சரி.

“அப்ப எதையும் முழுங்கல. வேற என்னமோ” என்றார். வீட்டுக்காரர் மில்லுக்குப் போகவில்லை. பூனையைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதல் ஆளாகப் படியிறங்கினார்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிக் கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

“குடல்ல காத்து அடைச்சிருக்கு. அடைப்பு மாதிரியும் தெரியுது, வெறும் வீக்கம் மாதிரியும் தெரியுது. உலோகம்னா பளிச்சுனு காட்டிடும். துணி, ரப்பர், ஸ்பாஞ்ச் இதெல்லாம் படத்துல விழாது. வெறும் வீக்கம்னா குளுக்கோஸ் ஏத்தி, மருந்து போட்டு நாளைக்கு வரைக்கும் பார்க்கலாம். இந்தச் சோர்வுல வயித்தைக் கிழிக்கிறதும் ஆபத்து. ஆனா உள்ள ஏதாவது இருந்தா, நாளைக்குள்ள குடல் அழுகிடும். உங்களை நம்பித்தான் கேக்குறேன் சிஸ்டர். ஏதாவது முழுங்கியிருக்க வாய்ப்பு இருக்கா?”

“வாய்ப்பே இல்ல டாக்டர்.” சிஸ்டர் நிமிர்ந்து நின்றார். “எங்க வீட்டுல எல்லாத்துக்கும் எண்ணிக்கை இருக்கு. இன்னைக்குக் காலையில ரெண்டு தடவை எண்ணினேன். ஒண்ணு குறையல. இருபத்தாறு வருஷம் இதைத்தான் செஞ்சேன்.”

டாக்டருக்கு அந்தக் குரலே போதுமாக இருந்தது. குளுக்கோஸ் பாட்டிலை எடுக்கத் திரும்பினார். உண்டியல் மேஜைமேல் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. சிஸ்டர் அதன் நெற்றியைத் தடவினார்.

“டாக்டர்” என்று ஒரு குரல் வந்தது. அந்த அறையில் அதுவரை வராத குரல். “வயித்தைத் திறந்துடுங்க.”

சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்காரர் காலித் துண்டைக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தார். அந்த ஆறடி ஆள் ஸ்கூல் பையன் மாதிரி தலையைக் குனிந்திருந்தார்.

“என்னங்க உளர்றீங்க? எண்ணினீங்கல்ல? காதடைப்பு நாலு இருந்துச்சுல்ல?”

“இருந்துச்சு. அதுல ஒண்ணு புதுசு.”

“என்னது?”

“முந்தாநாள் சட்டையைக் கழட்டும்போது ஒண்ணு கீழ விழுந்துச்சு. தேடினேன், கிடைக்கல. நீ எண்ண வர்ற நேரம். மில்லுல பெட்டி பெட்டியா இருக்கு, பையில ஒண்ணு இருந்துச்சு, எடுத்துப் போட்டு நாலாக்கிட்டேன். எங்கயாவது மூலையில கிடக்கும், அப்புறம் எடுத்துக்கலாம்னு நினைச்சேன்.” அவர் துண்டை இன்னும் ஒரு சுற்று முறுக்கினார். “நீ கத்துவேன்னு பயந்துட்டேன்.”

சிஸ்டர் வாயைத் திறந்தார். டாக்டர் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார், பாவம், அவருக்கும் அந்தக் குரல் தெரியும். ஆனால் சிஸ்டர் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: “முந்தாநாள் எத்தனை மணிக்கு? முழுசா இருந்துச்சா, பிஞ்சிருந்துச்சா?”

“ஆறு மணி. முழுசு.”

“டாக்டர், விரல் நுனி அளவு ஸ்பாஞ்ச். உள்ள போய் நனைஞ்சு உப்பியிருக்கும். நாப்பது மணி நேரமாச்சு. ஆரம்பிங்க.”

கதவு மூடியது. வெளியே ஒரு நீள பெஞ்ச். அதன் ஒரு கோடியில் வீட்டுக்காரர் உட்கார்ந்தார், இடி எப்போது விழும் என்று காத்திருந்தார். எதிர்ச் சுவரில் நாய்களுக்கான தடுப்பூசி அட்டவணை. அதை அவர் மனப்பாடமே செய்துவிட்டார், இடி விழவில்லை.

சிஸ்டருக்கு வேறொன்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. தியேட்டருக்குப் புதிதாக வருகிற பெண்களிடம் அவர் முதல் நாளே ஒன்றைச் சொல்வார். கணக்கு உதைக்கிறது என்று யார் சொன்னாலும் அவளைக் கடிந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. டாக்டர் முறைக்கக் கூடாது, யார் தொலைத்தது என்று கேட்கக் கூடாது, எல்லோரும் சேர்ந்து தேட வேண்டும். இன்றைக்குத் திட்டினால் நாளைக்குச் சொல்ல மாட்டாள், அவள் சொல்லாவிட்டால் ஒரு உயிர் போகும். எத்தனை பெண்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்! வீட்டில் கட்டிய புருஷனை மட்டும் பாட்டில் மூடிக்காகக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். வெட்கம் பிடுங்கித் தின்றது. பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்து போய் உட்கார்ந்தார்.

“ஏங்க, தப்பு எம்மேலதான்.”

வீட்டுக்காரர் தன் காதில் அடைப்பு ஏதும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். இல்லை, சரியாகத்தான் கேட்டிருந்தது.

“நான்தானே மாத்திப் போட்டேன்” என்றார்.

“மாத்திப் போட வெச்சது நான். உண்மையைச் சொல்லப் பயப்படுற வீட்டுல எண்ணி என்ன பிரயோசனம்? அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்குத் தாங்காதுங்க.” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. வீட்டுக்காரர் முறுக்கிய துண்டைப் பிரித்து நீட்டினார். பூனை முடி ஒட்டிய துண்டு, இருந்தாலும் சிஸ்டர் வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. “பொழைச்சுக்கிச்சு! குடல் நல்ல நிறமா இருக்கு. நாளைக்குன்னு விட்டிருந்தா கஷ்டம்தான்.” கையிலிருந்த எவர்சில்வர் கிண்ணத்தில் ஆரஞ்சு நிறம் மங்கிப் போன காதடைப்பு ஊறிக் கிடந்தது. பக்கத்தில் கண்ணாடி மாதிரி தெளிவான ரப்பர் துணுக்கு ஒன்று. “இதுவும் கூட இருந்துச்சு. என்னன்னு தெரியல.”

வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். தனக்குத் தெரியாது என்று தலையாட்டினார், இந்தத் தடவை சத்தியமாகத் தெரியாது. சிஸ்டர் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மூக்கில் படுகிற இரண்டு மெத்தைகளில் இடது பக்கத்தது இல்லை. பத்து நாளாக ஒரு பக்கம் குத்துகிறது என்று கண்ணாடிக் கடைக்காரரைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தார். பலகையில் இப்படி ஒரு வரியே கிடையாது.

“இது என்னோடது” என்றார் சிஸ்டர். சிரிப்பை அடக்க முயன்று முடியாமல் டாக்டர்தான் முதலில் வெடித்தார். அப்புறம் மூன்று பேரும் சிரித்தார்கள். அதைக் கேட்டு, டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த ஒரு நாய் குரைக்க ஆரம்பித்தது.

ஐந்தாம் நாள் உண்டியல், தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய கூம்புப் பட்டையோடு வீடு திரும்பியது. கதவில் ஒரு இடி, மேஜையில் ஒரு இடி, ஆனாலும் மீன் தட்டுக்கு வழி தெரிந்துவிட்டது. பட்டையோடு தட்டுக்குள் தலையை விட்டு அது சாப்பிட்ட சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும். சிஸ்டர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து புதுச் சட்டம் போட்டார்.

“இனிமே இந்த வீட்டுல யாரு காணோம்னு சொன்னாலும் திட்டு கிடையாது. சேர்ந்து தேடுவோம். கிடைக்கலைன்னா டாக்டருக்குப் போன். நான் கத்தினா நீங்க என்னை எந்திரிச்சு வெளிய போகச் சொல்லலாம்.”

வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். “பழசுக்கும் இது செல்லுமா?”

“எந்தப் பழசு?”

“பழசுதான். பொதுவா.”

“செல்லும்” என்றார் சிஸ்டர்.

“அப்ப ரெண்டு டீ போட்டு எடுத்துட்டு வா. உக்காந்து பேசலாம்.”

டீ வந்தது. வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடங்கினார். நீலக் குடை பஸ்ஸில் தொலைந்து போகவில்லை, அவர்தான் மில்லில் கதவுக்கு முட்டுக் கொடுத்து ஒடித்தார். பெரிய பிளாஸ்க் தானாக உடையவில்லை. சிஸ்டருக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த சுவர்க் கடிகாரம் ஒரு தடவை கீழே விழுந்து, கண்ணாடி மாற்றி மாட்டியிருக்கிறது. சிஸ்டர் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாய் மட்டும் திறக்கவில்லை.

“அப்புறம், நீ ரிட்டயர் ஆகப் போறேன்னு சொன்னப்போ, ரொம்ப சந்தோஷமா இருக்குன்னு சொன்னேன்ல?”

“ஆமா.”

“அன்னைக்கு சந்தோஷமே இல்ல. பயமாதான் இருந்துச்சு.”

சிஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார். “இப்ப?”

வீட்டுக்காரர் நியாயமாக யோசித்துப் பார்த்தார். “கொஞ்சம் இருக்கு” என்றார். “ஆனா உங்கிட்டயே சொல்லிட்டேன் பாரு.”

சிஸ்டருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் புரையேறிவிட்டது. வீட்டுக்காரர் எழுந்து வந்து தலையில் தட்டினார், முதுகில் தட்டினார். மூச்சு சீரானதும் சிஸ்டர் அவர் கையை விடாமல் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

“சரி, அடுத்தது சொல்லுங்க” என்றார்.