முறுக்கு எத்தனை நாள் தாங்கும்?

பாப்பாரப்பட்டியில் வீட்டிலேயே ராகி முறுக்கு சுட்டு விற்கிறேன். தர்மபுரியில் ஒரு கடைக்கு முதன்முதலாகக் கொண்டுபோனபோது, "எத்தன நாளு தாங்குமுங்க?" என்று கடைக்காரர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கொண்டுபோன முறுக்கோடு திரும்பிவிட்டேன். இனி எந்தக் கடைப்படியும் ஏற மாட்டேன் என்று வீட்டில் அழுதேன்.

மறுநாள் என் கணவர் நாற்காலி போட்டுக் கடைக்காரர்போல உட்கார்ந்தார். "வாங்கம்மா, என்ன கொண்டாந்தீங்க?" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னை 'வாங்க' என்றது அன்றுதான். சிரித்துவிட்டேன். பிறகு முறுக்கை டப்பாவில் போட்டு, தினமும் ஆளுக்கொன்று தின்று பார்த்தோம். இருபதாம் நாளும் மொறுமொறுப்பு குறையவில்லை.

மீண்டும் போனேன். "சக்கர வியாதிக்காரங்க தின்னலாமுங்களா?" என்று கடைக்காரர் வேறொன்றைக் கேட்டார்.

"அது தெரியலீங்க, டாக்டருகிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேனுங்க. ஆனா இருவது நாளு தாங்குமுங்க, அதுக்கு நான் பொறுப்பு" என்றேன். பத்து பாக்கெட் வாங்கிக்கொண்டார்.

இப்போது எந்தப் புதுப் பலகாரம் செய்தாலும், முதலில் நாங்கள் இருவரும் நாள்தோறும் தின்று பார்த்த பிறகே கடைக்குக் கிளம்புகிறேன்.